மூன்று முப்பத்தெட்டுக்கு வந்த சாட்சி

நான் முப்பத்தோர் ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தவள். ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியவள். இம்மூன்றும் இல்லாத பேச்சை நான் வதந்தி என்றே ஒதுக்குவேன். பேய்க் கதைகளில் பெரும்பாலானவை அந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைச் சொல்பவர்கள் என் வகுப்பில் இருந்திருந்தால் மூலையில் நிறுத்தியிருப்பேன்.

ஆகையால் என்னுடைய நாளையும் நேரத்தையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். 1964ஆம் ஆண்டு, அக்டோபர் 19, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்று மணி முப்பத்தெட்டு நிமிடம். அலபாமாவில், செல்லர்ஸ் கவுண்டி நீதிமன்றத்தின் கீழ்த்தளத் தாழ்வாரம். அது இரவு அன்று. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, தூக்கமும் இல்லை. பசி இருந்தது, அவ்வளவே.

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

அந்நாளில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், வாக்காளராகப் பதிந்துகொள்ள மாதத்துக்கு இரண்டே நாள்கள் உண்டு. முதல் திங்கள், மூன்றாம் திங்கள். படிவம் நான்கு பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் சாட்சிக்கென ஒரு கட்டம் இருக்கும். ஏற்கெனவே பதிவு பெற்ற வாக்காளர் ஒருவர், 'இவரை நான் அறிவேன், இவர் நல்லொழுக்கம் உள்ளவர்' என்று அதில் கையெழுத்திட வேண்டும். எங்களுக்காகக் கையெழுத்திட எந்த வெள்ளையரும் வரமாட்டார். பதிவு பெற்ற கறுப்பர்களோ கவுண்டி முழுவதிலும் இருவர் மட்டுமே. ஒருவர் ஆண்டுக்கு இரண்டு பேருக்குத்தான் சாட்சி சொல்லலாம். எங்கள் பாதிரியார் தம்முடைய இரண்டையும் மார்ச் மாதத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிட்டார்; அந்த இருவரையும் வேறு காரணம் சொல்லித் தள்ளிவிட்டார்கள். எஞ்சியவர், சவ அடக்கத் தொழில் செய்யும் ஸ்டோக்ஸ். அவரிடம் ஒன்று மீதமிருந்தது. அதை எனக்குத் தருவதாக வாக்களித்திருந்தார்.

அதற்கு முன் நான்கு முறை போயிருந்தேன். முதல் முறை, என் வயதை ஆண்டு, மாதம், நாள் என்று கணக்கிட்டு எழுதியதில் ஒரு நாள் குறைகிறது என்றார்கள். குறையவில்லை. இரண்டாம் முறை, எண்ணே இல்லாத எங்கள் தெருவுக்கு வீட்டு எண் எழுதவில்லை என்றார்கள். மூன்றாம் முறை என் முறை வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். நான்காம் முறை சாட்சி இல்லை. இந்த ஐந்தாம் முறை தவறினால் நவம்பர்த் தேர்தலில் எனக்கு வாக்கில்லை. போதாதற்கு, 'இன்னொரு முறை அங்கே கண்டால் உங்கள் பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது' என்று கல்வி வாரியத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. போனால் வேலை போகும். போகாவிட்டால் வாக்குப் போகும். நான் வேலையைப் பணயம் வைத்தேன்.

அப்போது நான் ஐடெல்லா மேப்ரி என்பவளின் வீட்டில், பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். 1951இல் அந்த ஊருக்கு வந்த நாள் முதல் அங்கேதான். ஐடெல்லாவின் கணவர் எஸெல் மேப்ரியை நான் பார்த்ததில்லை. போருக்குப் போய்த் திரும்பிய மனிதர். 1948 ஆகஸ்டில் துணிந்து போய் வாக்காளராகப் பதிந்தாராம். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு மாலை வெளியே போனவர் வீடு திரும்பவில்லை. டெட்ராய்ட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று கவுண்டிக் காவல் தலைவரான ஷெரிப் சொன்னார். உடன் ஒரு பெண்ணும் போனதாகக் கடைத்தெருவில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் தேவாலயத்தில் விதவைகளுக்கென்று முன்வரிசை ஒன்று உண்டு. ஐடெல்லாவுக்கு அதில் இடமில்லை. கணவரோடு வரும் பெண்களின் வரிசையில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. அவள் பதினாறு ஆண்டுகளாகக் கதவோரத்தில் நின்றே வழிபட்டாள். கணவரின் படத்தைக்கூடப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். எனக்கு ஒருமுறையும் காட்டியதில்லை.

அன்று காலை என் வெள்ளைக் கையுறைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். தேர்தலுக்கு முன்னாடி கடைசிப் பதிவு நாள்."

"அது இல்ல. அவரு போன நாளு."

"பதினாறு வருஷம் ஆச்சு, ஐடெல்லா. டெட்ராய்ட்ல தெருவுக்கா பஞ்சம்? ஏதோ ஒண்ணுல குடும்பம் நடத்திக்கிட்டிருப்பார். விட்டுத் தொலை."

"அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல, டீச்சர்."

"எல்லாப் பொண்டாட்டியும் சொல்றதுதான்."

 கையுறைகளை மடித்து என் கையில் வைத்தாள். பதின்மூன்று ஆண்டுகளாக நான் அவளுக்கு இதே அறிவுரையைத்தான் சொல்லி வந்தேன். என் கருத்தில் எனக்கு ஐயமே இருந்ததில்லை.

கைப்பையில் ஒரு பேனா எடுத்துக்கொண்டேன். பச்சை நிறம். 1959ஆம் ஆண்டின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து வாங்கித் தந்தது. அதன் மேல் 'எல். க்ரூம், 1959' என்று பொறித்திருக்கும். லவீனியா க்ரூம் என்பது என் பெயர். அந்தப் பேனாவை நான் எவருக்கும் இரவல் தருவதில்லை. அப்படியே தந்தாலும் திரும்ப வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. என் மாணவர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு நீதிமன்றத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தேன். கீழ்த்தளத் தாழ்வாரத்தில் ஒரு நீண்ட பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஹோசியா காண்ட் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. பருத்தி விவசாயி. வாயில் எப்போதும் புகையிலை.

"வாங்க டீச்சர். எனக்கு இது ஏழாவது தடவை. அந்தப் புத்தகத்துல பேர் ஏறலேன்னாலும் பரவால்ல, இந்த பெஞ்சுலயாவது எழுதி வைக்கச் சொல்லுங்க."

"நேரா உக்காருங்க, பெரியவரே. வாயில இருக்கறதைத் துப்பிட்டு வாங்க."

"துப்புனா அதுக்கும் கேஸ் போடுவானுங்க."

பத்து மணி ஆயிற்று. ஸ்டோக்ஸ் வரவில்லை. பதினொன்று. வரவில்லை. பதினொன்று இருபதுக்கு ஷெரிப்பின் ஆள் டூலி, சாவிக்கொத்தைச் சுழற்றியபடி எங்கள் முன் வந்து நின்றான். இருபத்து நான்கு வயது இருக்கும்.

"என்ன டீச்சரம்மா, மறுபடியும் பரீட்சையா? போன தடவையே பெயிலாச்சே?"

நான் படிவத்தை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டேன்.

"ஸ்டோக்ஸுக்காகவா உக்காந்திருக்கே? அவன் வர மாட்டான். பொண வண்டியில நாலு டயரும் ஒரே நேரத்துல புட்டுக்கிச்சாம். பாவம். பொணம் காத்துக்கிட்டிருக்கும்."

சிரித்துக்கொண்டே போய்விட்டான்.  கடைசிப் பக்கத்துக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் காண்ட்டை உள்ளே அழைத்தார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"எங்கம்மா பொறந்தது காலையிலயா சாயங்காலமான்னு கேட்டான். அப்ப நான் ஊர்ல இல்லீங்களேன்னேன்."

"சிரிச்சாரா?"

"எங்க சிரிச்சான்? எழுதிக்கிட்டான்."

அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த டூலியோடு என்னைத் தனியே விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று மறுபடியும் பெஞ்சின் அதே முனையில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் கண் மூடிக்கொண்டார்.

மூன்று மணி. மூன்றரை. அலுவலகம் நான்கு மணிக்கு மூடும்.

மூன்று மணி முப்பத்தெட்டு. எதிர்ச் சுவரின் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தேன்.

பின்வாசல் கதவு திறந்தது. கீல் ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு மூடியது.

ஒருவர் தாழ்வாரத்தில் நடந்து வந்தார். கறுப்பர். முப்பது வயது மதிக்கலாம். இராணுவக் கோட்டு அணிந்திருந்தார். அந்த வெயிலுக்கு எதற்குக் கம்பளிக் கோட்டு என்று நினைத்தேன். பித்தளைப் பொத்தான்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. ஒழுங்கற்ற உடையைக் கண்டால் என் கண் அங்கேயே போய் நிற்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முறை தெரிந்தவர்.

நான் நகர்ந்து இடம் கொடுத்தேன். எனக்கும் காண்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

பெஞ்சு அசையவில்லை.

அவர் நடந்து வந்த வழி முழுவதும் ஈரம். ஐந்து வாரமாக எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை.

ஓடைச் சேற்றின் வாடை வந்தது.

"சாட்சி வேணுமா, டீச்சர்?"

மெல்லிய குரல். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டது போல.

"வேணும். நீங்க பதிஞ்ச வாக்காளரா?"

"ஆமா."

"இந்தக் கவுண்டியில ரெண்டு பேர்தான் இருக்காங்க."

"மூணு."

"யாரு சொன்னா?"

"பேரு புத்தகத்துல இருக்கு. இன்னும் அடிக்கல."

படிவத்தை நீட்டினேன். பேனாவையும் நீட்டினேன். அதை வாங்க அவர் கையை நீட்டியபோது சட்டைக் கை சற்று மேலேறியது. மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய பள்ளம். கருத்த கோடு. வேலி கட்டும் வேலை செய்பவர் போலும், கம்பி அறுத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்படித்தான் எண்ணினேன்.

அவர் நிதானமாகக் கையெழுத்திட்டார். கீழே தேதியும் எழுதினார். பேனாவை மூடித் தம் கோட்டின் உள்பையில் செருகிக்கொண்டார்.

நான் கையெழுத்தைப் படித்தேன்.

எஸெல் மேப்ரி.

எனக்குப் பயம் வரவில்லை. இதைத் தெளிவாக எழுத வேண்டும். எனக்கு வந்தது கோபம். பதினாறு ஆண்டுகள் ஒரு பெண்ணைக் கதவோரத்தில் நிற்க வைத்துவிட்டு, டெட்ராய்ட்டிலிருந்து சாவகாசமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர்!

"நீங்களா? வெக்கமா இல்ல உங்களுக்கு? ஐடெல்லா உயிரோட இருக்காளா செத்தாளான்னு கேட்டீங்களா? மொதல்ல வீட்டுக்குப் போங்க!"

"போறதுக்குத்தான் வந்தேன், டீச்சர்."

"அப்ப இங்க என்ன வேலை?"

"இவங்க எழுதணும். எழுதுனாத்தான் போக முடியும்."

"என்ன எழுதணும்?"

அவர் பதிவு அலுவலகத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேனா..."

"தந்துடறேன், டீச்சர். கொஞ்ச நாள்ல."

அப்போது உள்ளேயிருந்து என் பெயரை அழைத்தார்கள். மூன்று நாற்பத்தேழு.

பதிவு அலுவலர் ஸ்ட்ரோதர், நாற்காலியில் சாய்ந்து கால்களை மேசைமேல் போட்டிருந்தார். 1948ஆம் ஆண்டிலும் அந்த அலுவலகத்தில் அவரே எழுத்தராக இருந்தார்.

"லவீனியா. அஞ்சாவது தடவை. உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இருக்கு, மிஸ்டர் ஸ்ட்ரோதர். அதையும் பிடுங்கப் போறதாக் கடிதம் வந்திருக்கு."

படிவத்தை வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் பிழையில்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை. நான்காம் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே திருப்பினார். அங்கே வெறும் கட்டத்தை எதிர்பார்த்தார்.

சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் மட்டும் மாறின.

"யாரு போட்டது இது?"

"படிச்சுப் பாருங்க."

"விளையாடறியா? இந்த ஆள் ஊர்லயே இல்ல."

"இருக்கார். என் பின்னாடிதான் நிக்கறார்."

அவர் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சேற்று வாடை என் தோளருகே இருந்தது.

ஸ்ட்ரோதர் தலை தூக்கினார்.

என் இடது தோளுக்கு மேலே பார்த்தார்.

மேசைமேல் இருந்த கால்கள் மெதுவாகக் கீழே இறங்கின. பயந்த முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அது அன்று. அடையாளம் தெரிந்துகொண்ட முகம்.

சொட்...

தரையில் ஏதோ சொட்டியது.

சொட்... சொட்...

நான் திரும்பவில்லை. என் கண் மேசைமேல் இருந்த வாக்காளர் பதிவேட்டில் இருந்தது. அதை என் பக்கம் திருப்பினேன். அவர் தடுக்கவில்லை. பக்கங்களைப் புரட்டினேன். 1948 ஆகஸ்ட் 16. எஸெல் மேப்ரி. பெயரின் மேல் ஒரு கோடும் இல்லை.

"பேர் இருக்கு. அடிக்கல. சாட்சி செல்லும்."

"செல்லாது..."

"ஏன்?"

வெற்றுத் தாள் ஒன்றை அவர் முன்னால் தள்ளினேன்.

"ஏன்னு எழுதுங்க. காரணம், தேதி, கையெழுத்து. மூணும் வேணும்."

ஸ்ட்ரோதர் தம் பேனாவை எடுத்தார்.

எழுதினார்.

தாளைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டு... எழுதினார்.

முள் தாளில் உரசும் ஓசை.

சொட்...

மூன்று வரி. நான்கு வரி. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கவில்லை.

கையெழுத்திட்டார். தாளை மடித்தார். இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். பூட்டுவதற்கு மூன்று முறை முயன்றார்.

"குடுங்க. நான் படிக்கணும்."

"போ..." என்றார். பிறகு, "போங்க. தயவு செஞ்சு... போங்க."

அவர் வாயிலிருந்து அத்தகைய மரியாதைச் சொல் வந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. அது எனக்குச் சொன்னதுதானா என்பதில் இன்றும் எனக்கு ஐயம் உண்டு.

திரும்பினேன்.

எவரும் இல்லை.

வாசலிலிருந்து என் முதுகு வரை ஈரக் கால்தடங்கள் வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றும் இல்லை.

மணி மூன்று ஐம்பத்தாறு.

வெளியே காண்ட் கண் விழித்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மனுஷர் எங்க போனார்?" என்று கேட்டேன்.

"எந்த மனுஷர்?"

"உங்க பக்கத்துல உக்காந்திருந்தாரே."

"டீச்சர், எனக்குத் தூக்கமே வரல, சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன். கதவு தெறந்துச்சு, மூடுச்சு. நீங்க கொஞ்சம் நகந்து உக்காந்தீங்க. என் புகையிலை வாடை பிடிக்கலேன்னு நெனச்சேன். அப்புறம் நீங்களா பேச ஆரம்பிச்சீங்க. படிச்சவங்க, கோவத்துல தனியா பேசறாங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

அவருடைய காலணிக்குப் பக்கத்தில் தரை நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயிலிருந்த புகையிலையை அங்கேயே துப்பினார்.

வீட்டுக்கு நடந்தேன். மேப்ரி எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். காண்ட் கிழவர், தூங்கிவிட்டார், அவ்வளவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவுள்ளவள் என்று பெயரெடுத்தவள் அப்படித்தான் எண்ணுவாள்.

ஐந்து மணி பத்து. ஐடெல்லா சமையலறையில் சோள ரொட்டிக்கு மாவு கலந்துகொண்டிருந்தாள். வீட்டில் வேறு எவரும் இல்லை.

"உன் புருஷன் வந்திருக்கார்" என்றேன். "என் பக்கத்துலதான் உக்காந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போறேன்னார்."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் ஒளிர்ந்தது. பதினாறு வயது குறைந்துவிட்டது போல் இருந்தது. ஓடிப்போய் வாசலைப் பார்த்தாள். மறுபடி ஓடி வந்தாள்.

"எப்படி இருக்காரு? எளச்சிட்டாரா? தலை நரைச்சிடுச்சா?"

"நரையா? ஒரு முடி நரைக்கல. முப்பது வயசு சொல்லலாம்."

அவள் நின்றாள்.

"அவருக்கு இப்ப நாப்பத்தேழு ஆகணும், டீச்சர்."

நான் கணக்கில் தவறியதில்லை. அன்று தவறியிருந்தேன்.

"என்ன போட்டிருந்தாரு?"

"பழைய இராணுவக் கோட்டு. மேலேர்ந்து ரெண்டாவது பொத்தான் இல்ல. அதைக்கூடத் தைக்காம..."

ஐடெல்லா அலமாரியிலிருந்து ஊசி நூல் வைக்கும் தகரப் பெட்டியை எடுத்தாள். திறந்தாள். அடியில் துழாவினாள். உள்ளங்கையை என் முன் நீட்டினாள்.

ஒரு பித்தளைப் பொத்தான்.

"அன்னிக்குச் சாயங்காலம் பிஞ்சிடுச்சு. வந்து தெச்சுக்கறேன்னு குடுத்துட்டுப் போனாரு."

இருவரும் விளக்கு ஏற்றவில்லை. இருட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. ஒரே ஒரு முறை மட்டும் சொன்னாள்.

"டெட்ராய்ட்ல தெருவுக்கா பஞ்சம்னீங்களே, டீச்சர்."

 

என் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டதாக அடுத்த வாரம் அச்சடித்த அட்டை வந்தது. காரணம் எழுதப்படவில்லை. நவம்பரில் எனக்கு வாக்கில்லை. மே மாதம் எனக்கு வேலையும் இல்லை.

அதற்கிடையில், பிப்ரவரியில் வாஷிங்டனிலிருந்து அரசு வழக்கறிஞர் ஒருவர் வந்தார். எங்கள் கவுண்டியின் பதிவுத் தாள்கள் அனைத்தையும் நீதிமன்ற ஆணையின்படி படமெடுத்திருந்தார்கள். அவர் இளைஞர், வெள்ளையர். ஐடெல்லாவின் முன்னறையில் உட்கார்ந்து ஒரு படத்தாளை என்னிடம் நீட்டினார்.

"மிஸ் க்ரூம், இது உங்க படிவத்தோட இணைச்சிருந்தது. இதை எழுதும்போது நீங்க அந்த அறையில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"இப்படி எழுதச் சொல்லி அவரை யாராவது மிரட்டினாங்களா?"

"காரணம், தேதி, கையெழுத்து வேணும்னு கேட்டேன். வேற எதுவும் சொல்லல."

ஸ்ட்ரோதரின் எழுத்தேதான். அந்த எழுத்தில் மூன்று முறை தள்ளுபடி வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? அதில் இருந்தது இவ்வளவுதான்:

'சாட்சி செல்லாது. எஸெல் மேப்ரி உயிருடன் இல்லை. 1948 அக்டோபர் 19, செவ்வாய் இரவு, மெரிட் பாலத்துக்குக் கீழே, கைகளைக் கம்பியால் கட்டி நாங்கள் நால்வர் நீரில் இறக்கினோம். கிழக்குத் தூணிலிருந்து பன்னிரண்டு அடி.'

கீழே தேதி. கையெழுத்து. நான் கேட்ட மூன்றும் இருந்தன.

ஐடெல்லா அதை என் கையிலிருந்து வாங்கி இரண்டு முறை படித்தாள். உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். கணவரின் படத்தை எடுத்துவந்து சுவரில் மாட்டினாள். எனக்கு அதைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன்.

அவரேதான்.

விசாரணையில் ஸ்ட்ரோதர், 'சாட்சி இல்லை' என்ற இரண்டு சொற்களை மட்டுமே எழுதியதாக வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஜூரிகளாக உட்கார்ந்த பன்னிரண்டு வெள்ளையர்கள் அவரை நம்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற மூவரின் பெயர்கள் வெளிவரவே இல்லை. ஸ்ட்ரோதர் இன்னும் பதினான்கு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மெரிட் பாலத்தின் மேல் மட்டும் போவதில்லை. பதினொரு மைல் சுற்றிக்கொண்டு போவார்.

ஏப்ரல் 1965இல் ஓடையில் தேடினார்கள். கிழக்குத் தூணிலிருந்து பன்னிரண்டு அடி. அளந்து வைத்தது போல் அங்கேயே இருந்தார். நான்கடிச் சேற்றுக்குக் கீழே. எலும்புகள். துருப்பிடித்த கம்பி. கம்பளிக் கோட்டில் எஞ்சிய பகுதி. அதில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.

ஐடெல்லா ஸ்டோக்ஸின் அடக்கக் கூடத்துக்கு ஊசியும் நூலும் கொண்டுபோனாள். துணி நூலைத் தாங்கவில்லை. தொட்ட இடமெல்லாம் கிழிந்தது. பொத்தானைச் சவப்பெட்டிக்குள் அவர் மார்பின் மேல் வைத்தாள். அந்த ஞாயிறு அவள் கறுப்பு உடை உடுத்தித் தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று ஸ்டோக்ஸ் என்னைத் தனியே அழைத்தார். அக்டோபரில் வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.  கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒன்றை நீட்டினார்.

"கோட்டோட உள்பையில இருந்துச்சு, டீச்சர். சேத்தை நான்தான் கழுவினேன். வேற யாரும் பாக்கல. யாருக்கும் சொல்லல. இது எப்படின்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."

பிரித்தேன்.

பச்சைப் பேனா.

எல். க்ரூம், 1959.

பதினாறு ஆண்டுகளாக எவர் கையும் படாத சேற்றுக்குள்... அந்த எலும்புகளுக்கு நடுவில்...

நடந்ததைச் சொல்லிவிட்டேன். விளக்கம் என்னிடம் இல்லை. அறியாததை அறிந்தது போல் எழுதுவது என் வழக்கமும் அன்று.

அவ்வாண்டு ஆகஸ்டில் புதிய வாக்குரிமைச் சட்டம் வந்தது. வாஷிங்டன் அதிகாரிகள் அஞ்சலகத்தில் மேசை போட்டுப் பதிவு செய்தார்கள். ஒரே பக்கம். சாட்சிக் கட்டம் கிடையாது. எனக்கு முன்னால் காண்ட் நின்றார். பின்னால் ஐடெல்லா நின்றாள். என் முறை வந்தபோது கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தேன். கிடைத்த நாளிலிருந்து அதற்கு நான் மை ஊற்றியிருக்கவில்லை.

எழுதியது.

மேசையை விட்டு நான் நகர்ந்ததும் ஐடெல்லா கை நீட்டினாள்.

"பேனா குடுங்க, டீச்சர்."

கொடுத்தேன். திரும்பக் கேட்கவில்லை.